உலைக்கல்லுக்கு அளவு இருக்கிறது, ஆளுக்கு?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு ஃபவுண்டரியின் பின்பக்கம் போனால் உடைந்த கற்களின் குவியல் ஒன்று கிடக்கும். கல்லின் ஒரு முகம் கருகிக் கண்ணாடி பூசியது போல மினுங்கும். மறுமுகம் வெளிர் மஞ்சளாக இருக்கும். உலைக்குள் சுவராக நின்று, உருகிய இரும்பின் சூட்டைத் தாங்கி, ஆயுள் முடிந்து வெளியே வந்த கற்கள் அவை. 'ஃபயர் பிரிக்' என்பார்கள். உலைக்கல் என்று சொல்லலாம். அங்கிருந்து பூந்தமல்லி வழியாகத் திருவள்ளூர்ப் பக்கம் போனால் எதிரே வரும் லாரிகளில் சிவப்புச் செங்கல் வருகிறது. மேற்குச் சென்னையின் அடுக்குமாடிகள் எல்லாம் அந்த லாரிகளில் வந்து இறங்கியவைதான்.

இந்த இரண்டு கல்லும் ஒரே குடும்பம். அலுமினியம் சிலிகேட் என்ற கனிமக் குடும்பம். சமூகப்பணி செய்யும் எங்களுக்கும் சமூகவியல் படிக்கும் உங்களுக்கும் கனிமவியலில் என்ன வேலை என்று கேட்கலாம். அம்பத்தூர், ஆவடிப் பகுதிக் காலனிகளில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தும் படிப்பு வட்டத்தில் வேதியியல் இளங்கலை படிக்கும் தம்பி ஒருவர் ஒருநாள் கேட்ட கேள்விதான் எங்களை இதற்குள் இழுத்தது. "அண்ணா, எங்கப்பா கான்ட்ராக்ட்ல ஃபர்னஸ் லைனிங் உடைக்கப் போறாரு. உடம்பெல்லாம் வெள்ளையா வர்றாரு. கேட்டா, 'வெறும் மண்ணுதான்டா, கழுவுனா போயிடும்'ங்கிறாரு. நிஜமாவே வெறும் மண்ணுதானா?"

வெறும் மண் இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் சுமார் 46 சதவீதம் ஆக்சிஜன், 28 சதவீதம் சிலிக்கான், 8 சதவீதம் அலுமினியம். அதிகமாகக் கிடைக்கும் முதல் மூன்று தனிமங்களும் இவைதான். மூன்றும் சேர்ந்தால் அலுமினோ சிலிகேட். பாறையில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் இந்த வகை. மழையும் காற்றும் ஆயிரமாயிரம் ஆண்டுகள் அரித்ததில் அந்த ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிறது. களிமண்ணில் மிகத் தூய வெள்ளை வகை கயோலின், அதாவது சீனக்களிமண். அதில் சுமார் 39.5 சதவீதம் அலுமினா, 46.5 சதவீதம் சிலிக்கா, மீதி 14 சதவீதம் நீர். கயோலினோடு இரும்பும் சுண்ணாம்பும் மணலும் கலந்துவிட்டால் அதுவே நம் ஏரி மண், செங்கல் மண்.

நீரே இல்லாத அலுமினியம் சிலிகேட்டுகள் மூன்று உண்டு. ஆண்டலூசைட், சில்லிமனைட், கயனைட். மூன்றுக்கும் வேதிச் சூத்திரம் ஒன்றேதான். 63 சதவீதம் அலுமினா, 37 சதவீதம் சிலிக்கா. பூமிக்குள் எந்த அழுத்தத்தில், எந்தச் சூட்டில் உருவானது என்பதைப் பொறுத்துப் படிக அமைப்பு மட்டும் மாறும். மேகாலயாவின் காசி மலைப்பகுதியில் உள்ள சோனாபஹார் சில்லிமனைட்டுக்குப் பேர்போன இடம். நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் சில்லிமனைட் இருக்கிறது. இல்மனைட், கார்னெட், மோனசைட் ஆகியவற்றை ஒன்றிய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கே பிரித்தெடுக்கிறது.

தொழிற்சாலைக்கு இவை ஏன் தேவை? கயோலினைச் சூடாக்கினால் சுமார் 500, 600 டிகிரியில் உள்ளே இருக்கும் நீர் வெளியேறுகிறது. 1,000 டிகிரியைத் தாண்டியதும் முல்லைட் என்ற புதிய கனிமம் பிறக்கிறது. சில்லிமனைட்டும் கயனைட்டும் ஆண்டலூசைட்டும் போதிய சூட்டில் முல்லைட்டாகத்தான் மாறுகின்றன. முல்லைட் உருகுவதற்குச் சுமார் 1,840 டிகிரி வேண்டும். இரும்பு 1,538 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே இரும்பை உருக்கும் பாத்திரத்துக்கு உள்பூச்சாக முல்லைட் நிற்க முடிகிறது. உலைக்கல்லின் ரகசியம் இவ்வளவுதான்.

மேற்குப் புறநகரின் கதையை இந்தக் கனிமத்தை வைத்தே சொல்லிவிடலாம். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் அதற்கு முன்பே வந்திருந்தது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் அம்பத்தூரில் டன்லப், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, பாடியில் மோட்டார் உதிரிபாக ஆலைகள், பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வரிசையாக வந்தன. போரூரில் பூந்தமல்லி சாலை ஓரமாக டபிள்யூ.எஸ். இண்டஸ்ட்ரீஸ் பல பத்தாண்டுகள் பீங்கான் இன்சுலேட்டர் செய்தது. மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கி நிற்கும் பீங்கான் தட்டுகள் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் சேர்ந்தவை. ஃபவுண்டரியில் அச்சுக்குப் போடும் பச்சைமணலைப் பிடித்து நிறுத்தும் பென்டோனைட்டும் அலுமினோ சிலிகேட் களிமண்தான். இரும்பைப் பதப்படுத்தும் உலைகளுக்குள் வெள்ளைக் கம்பளி மாதிரி சுற்றியிருக்கும் செராமிக் ஃபைபரும் அதே சரக்கு. ஊருக்கு மின்சாரம் வரவும், சைக்கிள் ஓடவும், டாங்கி உருளவும் எங்கோ ஒரு மூலையில் இந்தக் கனிமம் சூட்டைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

கல் பக்கத்தில் ஆளும் நிற்கிறார். அவரைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் செங்கல். சென்னைக்குள் சூளை, சூளைமேடு என்று ஊர்ப்பெயர்களே இருக்கின்றன. நகரம் வளர வளரச் சூளைகள் மேற்கே நகர்ந்தன. இன்று திருவள்ளூர் மாவட்டத்தின் கிராமங்களில் புகைபோக்கிகள் நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் தை மாதத்தில் சீசன் தொடங்கும். மண்ணை ஊறவைத்து, மிதித்து, அச்சில் அறைந்து, கவிழ்த்து, காயவைத்து, பச்சைக்கல்லைத் தலையிலோ வண்டியிலோ சூளைக்கு எடுத்துப் போக வேண்டும். ஒரு கல்லுக்கு மூன்று கிலோ என்று வைத்தால்கூட, ஆயிரம் கல் அறுத்தவர் மூன்று டன் மண்ணைக் கையால் அச்சிட்டிருக்கிறார். ஈரத்தின் எடை தனி.

இந்த வேலையில் இருப்பவர்கள் யார்? உள்ளூரில் பெரும்பாலும் இருளர் குடும்பங்களும் சேரிகளிலிருந்து வரும் நம் மக்களும். வெளியிலிருந்து ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களின் தலித், ஆதிவாசிக் குடும்பங்கள். அங்கே அறுவடைப் பண்டிகையான நுவாகாய் முடிந்த கையோடு 'சர்தார்' எனப்படும் தரகர் முன்பணம் கொடுப்பார். அந்த முன்பணம் தனி ஆளுக்குக் கொடுக்கப்படுவதில்லை. ஒரு ஆண், ஒரு பெண், ஒரு குழந்தை சேர்ந்த அலகுக்குக் கொடுக்கப்படுகிறது. அந்த அலகுக்குப் பெயர் 'பத்துரியா'. குழந்தையின் உழைப்பு முன்பணக் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பள்ளியில் சேர்க்கலாம் என்று நாங்கள் சூளைக்குப் போய்ப் பேசும்போது தாய்மார்கள் தயங்குவதற்குக் காரணம் இதுதான். படிப்பின் அருமை தெரியாதவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளை பள்ளிக்குப் போனால் அலகு உடையும், கல் எண்ணிக்கை குறையும், கடன் அடுத்த சீசனுக்குத் தாவும்.

2011-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரே சூளையிலிருந்து ஐநூறுக்கும் மேற்பட்டவர்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், தீர்ப்பளித்தது. சங்கிலி போட்டுக் கட்டியிருந்தால்தான் கொத்தடிமை என்று எண்ணும் அதிகாரிகளிடம் இந்தத் தீர்ப்பை எடுத்து வையுங்கள். பசியும் கடனும்கூடச் சங்கிலிதான் என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டுவிட்டது.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அம்பத்தூரும் பூந்தமல்லியும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கைதான் 1892-இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்தது. நிலமில்லாமல் வைக்கப்பட்டதுதான் அடிமைத்தனத்தின் வேர் என்பதை அந்த ஆங்கிலேய அதிகாரி விவரமாகவே பதிவு செய்தார். அன்று கொடுத்த நிலம் பெருமளவு கைமாறிப் போனது. சொந்த மண் இல்லாதவர்தான் அடுத்தவர் மண்ணை மிதித்துக் கல் அறுக்கிறார்.

இப்போது சூளைக்குள் நடக்கும் வேதியியலைப் பாருங்கள். பச்சைக்கல்லை அடுக்கித் தீ மூட்டுகிறார்கள். சூடு அவசரமாக ஏறினால் உள்ளிருக்கும் நீராவி கல்லை வெடிக்க வைக்கும். குறைந்தால் கல் வேகாது, மழையில் கரையும். கூடினால் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆயிரம் டிகிரிக்குச் சற்று முன்பின்னாகப் பிடித்து நிறுத்த வேண்டும். நாங்கள் பார்த்த சூளைகளில் அதற்கு வெப்பமானி எதுவும் கிடையாது. தீ போடுபவர் துவாரத்தின் வழியே பார்க்கிறார். மங்கிய சிவப்பு என்றால் ஏறத்தாழ 700. பழுத்த சிவப்பு என்றால் 800-க்கு மேல். ஆரஞ்சு நிறம் வந்துவிட்டால் ஆயிரத்தை நெருங்கிவிட்டது. கண்ணாலேயே டிகிரி படிக்கிறார் அவர். கல்லூரி ஆய்வகத்தில் இதற்குப் பைரோமீட்டர் வைத்திருப்பார்கள். பைரோமீட்டர் வேலையைக் கண்ணால் செய்கிறவரை ஊர் 'படிக்காத கூலி' என்கிறது.

சட்டமும் இதே பாஷையைத்தான் பேசுகிறது. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தில் 'சாதாரண களிமண்' ஒரு சிறு கனிமம். சில்லிமனைட், கயனைட் பெருங்கனிமங்கள். சீனக்களிமண்ணும் உலைக்களிமண்ணும் பெருங்கனிமங்களாக இருந்து, 2015 பிப்ரவரியில் 31 கனிமங்களைச் சிறு கனிமப் பட்டியலுக்கு மாற்றியபோது கீழே இறங்கின. கனிமத்தில் எதுவும் மாறவில்லை, பட்டியல்தான் மாறியது. பட்டியல் மாறினால் உரிமம் கொடுப்பவர் மாறுகிறார், கட்டணம் மாறுகிறது. யார் சாதாரணம், யார் விசேஷம், எந்த வேலை திறன் சார்ந்தது, எது திறன் சாராதது என்று வகைப்படுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் லாபம். சாதியை அறிந்த நமக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது உலைக்கல். இந்தியத் தர நிறுவனத்தின் முதலாவது தரநிலை எது தெரியுமா? தேசியக் கொடி. ஆறாவதும் எட்டாவதும் உலைக்கற்களுக்கானவை. 6 நடுத்தரச் சூட்டைத் தாங்கும் கல்லுக்கு, 8 அதிகச் சூட்டைத் தாங்கும் கல்லுக்கு. விடுதலை பெற்ற நாடு கொடிக்கு அளவு எழுதிய கையோடு உலைக்கல்லுக்கும் அளவு எழுதியது. அலுமினா எத்தனை சதவீதம், எந்தச் சூட்டில் வளையத் தொடங்கும், எவ்வளவு துளை இருக்கலாம் என்று எல்லாமே எண்ணில் இருக்கிறது. எண்ணில் ஒன்று குறைந்தாலும் கல்லைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

அந்த உலைக்கு முன்னால் நிற்கும் ஆளுக்கு, 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு என்ன சொன்னது? நியாயமான வசதி தரும் அளவுக்கும், உடல்நலம் கெடாத அளவுக்கும் வெப்பநிலை இருக்க வேண்டும் என்றது. எண்ணைப் பிரிவு சொல்லவில்லை. மாநில அரசு விதியில் குறிப்பிட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. எது நியாயம், எது வசதி என்பதை ஷிப்ட் சூப்பர்வைசர்தான் நடைமுறையில் முடிவு செய்கிறார். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஃபர்னஸ் அருகில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

தூசுக்கு அந்தச் சட்டத்தில் எண் இருந்தது. இதைத்தான் நாங்கள் உங்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

உலைக்கல்லிலும் களிமண்ணிலும் அலுமினாவோடு சேராமல் தனியாக நிற்கும் சிலிக்கா உண்டு. பச்சை மண்ணில் அது குவார்ட்ஸ், அதாவது மணல். சுவாசத்தோடு நுரையீரலின் ஆழம் வரை போகும் தூசு தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாது. உடம்பெல்லாம் வெள்ளையாகத் தெரிகிறதே, அது பெரிய தூசு, அதைக் கழுவிவிடலாம். தெரியாத தூசு உள்ளே தங்கி நுரையீரலில் தழும்பு உண்டாக்குகிறது. சிலிகோசிஸ் என்பது அதுதான். தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் நோய் வளரும். சிலிகோசிஸ் வந்தவருக்குக் காசநோய் வருவதும் எளிது.

சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இதற்கு வரம்பு இருந்தது. சுவாசத்தில் போகும் தூசில் குவார்ட்ஸ் எத்தனை சதவீதம் என்று பார்த்து, அதோடு இரண்டைக் கூட்டி, பத்தை அந்தத் தொகையால் வகுக்க வேண்டும். வருவது ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கலாம் என்று அனுமதித்த மில்லிகிராம் அளவு. தூசில் 25 சதவீதம் குவார்ட்ஸ் என்றால் வரம்பு சுமார் 0.37 மில்லிகிராம். முழுக்கக் குவார்ட்ஸ் என்றால் 0.1-க்கும் சற்றுக் குறைவு.

இனிதான் முக்கியமான விஷயம். களிமண்ணை மிக அதிகச் சூட்டில் சுட்டால் முல்லைட் போக மிஞ்சும் சிலிக்கா கிறிஸ்டோபலைட் என்ற வேறு படிகமாக மாறுகிறது. அதே அட்டவணை கிறிஸ்டோபலைட்டுக்கு என்ன வரம்பு வைத்தது? குவார்ட்ஸ் வரம்பில் பாதி. அதாவது உலைக்குள் அடுக்கும்போது கல்லில் இருக்கும் ஆபத்தைவிட, மாதக்கணக்கில் வெந்த பிறகு உடைக்கும்போது ஆபத்து கூடலாம் என்பதைச் சட்டமே ஏற்றது. செராமிக் ஃபைபர் போர்வையும் அப்படித்தான். புதிதாக இருக்கும்போதே அதன் இழைகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நெடுநாள் சூட்டில் கிடந்த போர்வையிலும் கிறிஸ்டோபலைட் உருவாகும்.

புது லைனிங் கட்டுவதற்குப் பயிற்சி பெற்ற கொத்தனார் வருவார். அவருக்கு நல்ல சம்பளம். பழைய லைனிங்கை உடைப்பதற்குத் தினக்கூலி கான்ட்ராக்ட் ஆள் வருவார். உலை முழுவதும் ஆறுவதற்குள் உள்ளே இறங்கி, சுத்தியலால் உடைத்து, அள்ளி வெளியே கொட்ட வேண்டும். ஆபத்து கூடின வேலைக்குக் கூலி குறைந்த ஆள். நாங்கள் பழகிய காலனிகளில் கட்டுகிறவர் ஒருவர்கூட இல்லை, உடைக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மலக்குழிக்குள் இறங்குகிறவர் யார் என்று பார்க்கும் கண்ணோடு உலைக்குள் இறங்குகிறவர் யார் என்றும் பாருங்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஓர் அண்ணன் அப்படிப் பல வருடம் உடைக்கப் போனவர். மூச்சு வாங்குகிறது, எடை குறைகிறது என்று ஒரு மருத்துவமனைக்குப் போனார். காசநோய் என்றார்கள். மாத்திரை சாப்பிட்டார். முடித்த பிறகும் மூச்சு வாங்கியது. மீண்டும் அதே மாத்திரை. இரண்டாவது சுற்றின் நடுவில்தான் நாங்கள் கூடப் போனோம். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, சளி பார்த்தாயிற்று. அதுவரை அவரிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்றே ஒன்று. என்ன வேலை செய்கிறீர்கள்? சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தது. கூலி என்ற சொல்லுக்குள் உலை இருப்பது டாக்டருக்குத் தெரியாது. நாங்கள் சொன்ன பிறகு வேறு டாக்டரிடம் அனுப்பினார்கள். "இத முன்னாடியே கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார் அண்ணன். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மாணவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். சிலிகோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோய். 1948 சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அது இருந்தது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அந்த நோய் கண்டறிந்த டாக்டர் தலைமை ஆய்வாளருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்றது அதன் 89-ஆம் பிரிவு. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலும் அது தொழில்சார் நோயாக இருந்தது. ஆனால் சீட்டில் காசநோய் என்று எழுதிவிட்டால் அது நோயாளியின் சொந்த விவகாரம். முதலாளிக்குப் பொறுப்பு இல்லை, ஆய்வாளருக்கு வேலை இல்லை, இழப்பீடு இல்லை. நம் மக்கள் குடித்தே கெட்டார்கள், சுத்தமில்லாமல் கெட்டார்கள் என்று பேசுகிறவர்களுக்கு இன்னொரு உதாரணமும் கிடைத்துவிடும்.

சரியான பெயர் எழுதப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு குஜராத்தைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா பகுதிகளிலிருந்து கோத்ரா பக்கத்துக் குவார்ட்ஸ் அரவை ஆலைகளுக்குப் போன ஆதிவாசிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். மக்கள் அமைப்புகள் ஊர் ஊராகப் போய்ப் பெயர், வேலை செய்த ஆலை, நோய் எல்லாவற்றையும் பட்டியலிட்டு வழக்காடின. 2016 மே மாதம், இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி குஜராத் அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ராஜஸ்தான் அரசு 2019-இல் தூசு நோய்களுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்து, நோய்ச் சான்றும் நிதியும் கொடுக்கத் தொடங்கியது. இரண்டுக்கும் அடித்தளம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிய பட்டியல். அந்த வேலையைச் செய்ய முனைவர் பட்டம் தேவையில்லை.

இங்கே நாம் செய்யக்கூடியவை இருக்கின்றன. எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் அவர்கள் எந்த வேலை செய்தார்கள், எத்தனை வருடம், எந்த மாதிரித் தூசு என்று எழுதி வையுங்கள். கம்பெனி பெயரும் கான்ட்ராக்டர் பெயரும் வேண்டும். மருத்துவமனைக்குப் போகும்போது தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுத விடாதீர்கள். 'உலை லைனிங் உடைப்பவர்', 'ஃபவுண்டரி மணல் வேலை', 'கிரைண்டிங்' என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கான்ட்ராக்டர் மூலம் வந்தவரும் சட்டப்படி அந்தத் தொழிற்சாலையின் தொழிலாளிதான் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். போபாலுக்குப் பிறகு 1987-இல் சட்டத்தில் சேர்த்த பிரிவுகளின்படி, அபாயகரமான செய்முறை உள்ள தொழிற்சாலை அந்த அபாயத்தைத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. அந்தத் தொழில்களின் பட்டியலில் ஃபவுண்டரி இருந்தது, கண்ணாடியும் பீங்கானும் இருந்தன.

புதிய சட்டத்தொகுப்பையும் கவனியுங்கள். 1948 சட்டத்தின் இடத்துக்கென்று 2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் சிலிகோசிஸ் அறிவிக்க வேண்டிய நோய்தான். ஆனால் மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்ததை அது இருபதாக்கிவிட்டது. அம்பத்தூரில் பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகள் எத்தனை இருக்கும் என்று ஒரு தெருவை நடந்து பார்த்தாலே தெரியும். பதினைந்து பேர் சுவாசிக்கும் தூசும் இருபது பேர் சுவாசிக்கும் தூசும் ஒன்றுதான்.

வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்ற அண்ணல் அம்பேத்கர் 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார். அலுவலகத்தில் அறிக்கை வாங்கிப் படித்துவிட்டுத் திரும்பவில்லை. சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். தொழிலாளர் குடியிருப்புகளையும் பார்த்தார். அவர் சிலைக்கு மாலை போடும் நாளில் இதையும் நினைத்துக்கொள்வோம். இறங்கிப் பார்ப்பதும் அளந்து எழுதுவதும் அவர் நமக்குக் காட்டிய வழி.

வேதியியல் தம்பிக்கு நாங்கள் சொன்ன பதிலோடு அவர் நிற்கவில்லை. கல்லூரிப் பேராசிரியரிடம் கேட்டு, தூசு மாதிரியில் குவார்ட்ஸும் கிறிஸ்டோபலைட்டும் எத்தனை சதவீதம் என்று எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் மூலம் கண்டுபிடிக்க முடியும் என்று தெரிந்து வந்திருக்கிறார். அவரும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து தெருத்தெருவாகத் தொழில் விவரப் பட்டியல் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் நோட்டு பாதி நிரம்பியிருக்கிறது. கைகொடுக்க ஆட்கள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள், பேனா மட்டும் கொண்டுவந்தால் போதும்.